எங்கே நிறுத்திப் பார்ப்பது? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றித்தான்: பல கட்டங்களாக ஓடும் உற்பத்தியில் தரப் பரிசோதனையை எந்தெந்த இடத்தில் வைப்பது? மற்றவற்றை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டு இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: எங்கள் லைனில் ஏழு கட்டங்கள். வெட்டுதல், கடைசல், துளையிடுதல், ஹீட் ட்ரீட்மென்ட், கிரைண்டிங், பிளேட்டிங், அசெம்பிளி. இதுவரை கடைசியில் மட்டும்தான் செக்கிங். புதிதாக வந்த மேனேஜர் ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னும் ஒன்று வைக்கச் சொல்கிறார். அதற்கு ஆளும் இல்லை, இடமும் இல்லை. கடைசியில் மட்டும் பார்த்தால் என்ன தப்பு? (ஒரு சூப்பர்வைசர்)

பதில்: கடைசியில் மட்டும் பார்ப்பதில் தப்பு என்னவென்றால், முதல் கட்டத்திலேயே கெட்டுப்போன பீஸுக்கும் மீதி ஆறு கட்டத்தின் கூலி, மின்சாரம், மெஷின் நேரம் எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு அப்புறம் தூக்கிப் போடுகிறீர்கள். ஒவ்வொரு கட்டமும் 98 சதவீதம் சரியாகச் செய்கிறது என்றே வைத்துக்கொள்வோம், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் 0.98-ஐ ஏழு முறை பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட 87 சதவீதம்தான் வருகிறது. 100-க்கு 13 பீஸ் கடைசி மேசையில் விழும், அவற்றில் எது எந்தக் கட்டத்தில் கெட்டது என்று அங்கே நிற்பவருக்குத் தெரிய வழியும் இல்லை.

அதற்காக ஏழு இடத்திலும் ஆளை நிறுத்துவதும் சரியில்லை. பரிசோதனையால் பீஸின் மதிப்பு கூடுவதில்லை. அதனால் தவிர்க்கும் நஷ்டம் அதன் செலவைவிடப் பெரிதாக இருக்கும் இடத்தில் மட்டும்தான் அது தன் சம்பளத்தைச் சம்பாதிக்கிறது. ஆகவே ஒவ்வொரு இரண்டு கட்டத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் நின்று கேளுங்கள்: இந்தப் பீஸ் ஏற்கெனவே கெட்டிருந்தால், இனி இதன்மேல் நான் எவ்வளவு கொட்டப்போகிறேன்? இந்த இடத்தைத் தாண்டிவிட்டால் சரிசெய்ய முடியுமா? இந்த இடத்தைத் தாண்டிய பிறகு பழுது கண்ணுக்குத் தெரியுமா?

உங்கள் லைனுக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். வெட்டுதலுக்கும் கடைசலுக்கும் நடுவில் தனியாக ஆள் தேவைப்படாது. வெட்டுவது மலிவான வேலை, நீளம் குறைந்த பீஸ் லேத்தில் மாட்டும்போதே பெரும்பாலும் தெரிந்துவிடும், அடுத்த கட்டமே ஓசியில் பரிசோதனை செய்து கொடுக்கிறது. துளையிடுதலுக்கும் ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கும் நடுவில் கட்டாயம் ஒன்று வையுங்கள். மென்மையாக இருக்கும்போது துளையைக் கொஞ்சம் பெரிதாக்கலாம், பிசிறு எடுக்கலாம், விளிம்பைச் சரிசெய்யலாம். கடினமாக்கிய பிறகு கிரைண்டிங் தவிர வேறு வழி அநேகமாக இருக்காது. அதோடு, உலைக்குள் போவது ஒரு பேட்ச். அதில் கெட்ட பீஸ் பிடித்துக்கொள்ளும் இடம் நல்ல பீஸின் இடம்.

அடுத்தது பிளேட்டிங்குக்கு முன்னால். பூச்சு பல பழுதுகளை மூடிவிடும், அப்புறம் சரிசெய்ய வேண்டுமென்றால் பூச்சை உரித்து மறுபடி ஏற்ற வேண்டும், அது இரட்டைச் செலவு. பூச்சின் தடிமனும் அளவில் சேரும் என்பதால், பூச்சுக்கு முன் எந்த அளவு இருக்க வேண்டும் என்பதை வரைபடத்தில் தனியாக எழுதிவைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். பல இடங்களில் முடிந்த பீஸின் அளவு மட்டும்தான் இருக்கும், நடுவில் பார்ப்பவர் எதை வைத்துப் பார்ப்பார்?

ஆக இரண்டு இடம், கடைசியில் சுருக்கமான ஒன்று. இதை உங்கள் மேனேஜரிடம் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள், எப்படிப் போடுவது என்பது அடுத்த பதிலில் இருக்கிறது.

கேள்வி: ஒரு கட்டத்துக்கு முன்னால் எல்லாப் பீஸையும் பார்ப்பதா, எதையும் பார்க்காமல் அனுப்புவதா என்று முடிவு செய்ய எளிய கணக்கு ஏதாவது உண்டா? பெரிய கணிதம் வேண்டாம்.

பதில்: உண்டு. தரத்துறை நிபுணர் எட்வர்ட்ஸ் டெமிங் சொல்லிக் கொடுத்த கணக்கு அது, ஒரே ஒரு வகுத்தல்தான். ஒரு பீஸைப் பார்க்க ஆகும் செலவை எடுங்கள். கெட்ட பீஸ் ஒன்று பார்க்கப்படாமல் அடுத்த கட்டத்துக்குள் போய்விட்டால் ஆகும் நஷ்டத்தை எடுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஒரு எல்லை கிடைக்கும். உங்கள் பழுது விகிதம் அந்த எல்லைக்கு மேலே இருந்தால் எல்லாவற்றையும் பாருங்கள், கீழே இருந்தால் ஒன்றையும் பார்க்க வேண்டாம்.

பார்க்கும் செலவு 2, தவறவிட்டால் நஷ்டம் 150 என்று வைப்போம். எல்லை 2-ஐ 150-ஆல் வகுத்தால் வருவது, அதாவது சுமார் 1.3 சதவீதம். இப்போது பழுது 3 சதவீதம் என்றால் 1000 பீஸில் 30 கெட்டது. பார்க்காமல் விட்டால் நஷ்டம் 4500, எல்லாவற்றையும் பார்த்தால் செலவு 2000. பார்ப்பதே லாபம். அதே இடத்தில் பழுது 0.5 சதவீதம்தான் என்றால் 5 பீஸ், நஷ்டம் 750. அதைத் தவிர்க்க 2000 செலவழிப்பது வீண்.

கணக்கு எளிது, ஆனால் எண்களை நேர்மையாகப் போடுவதுதான் கஷ்டம். தவறவிட்டால் ஆகும் நஷ்டத்தைக் கேட்டால் பலரும் பொருள் விலையை மட்டும் சொல்கிறார்கள். கெட்ட பீஸோடு சேர்த்துப் பொருத்தப்பட்ட நல்ல பாகங்கள் என்ன ஆகும், அவற்றைக் கழற்றும்போது எத்தனை உடையும், கழற்றுபவரின் கூலி, மறுபடி பொருத்தி மறுபடி டெஸ்ட் செய்யும் நேரம், டெலிவரி தள்ளிப்போனால் அடுத்த ஆர்டர் என்ன ஆகும் என்று எல்லாம் சேர வேண்டும். இந்த எண்ணைக் கணக்குப் பிரிவும் உற்பத்திப் பிரிவும் சேர்ந்து உட்கார்ந்து போட வேண்டும், தரப்பிரிவு தனியாகப் போட்டால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அசெம்பிளிக்குப் போகும் பாகங்களில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு பாகத்தில் 0.5 சதவீதம் பழுது என்பது அற்பமாகத் தெரியும். 20 வகைப் பாகம் சேர்ந்து ஒரு பொருள் என்றால், இருபதும் நல்லதாக அமைய 0.995-ஐ இருபது முறை பெருக்க வேண்டும், 90 சதவீதம்தான். பத்தில் ஒரு பொருள் ஏதாவது ஒரு பாகத்தால் தோற்கும். இங்கே ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாக எல்லைக் கணக்கைப் போடுங்கள், எளிதில் கழற்றக்கூடிய பாகத்துக்கு நஷ்டம் குறைவு, உள்ளே வைத்து ஒட்டி மூடிவிடும் பாகத்துக்கு நஷ்டம் முழுப் பொருளின் விலை. பழுது விகிதம் ஒன்றாகவே இருந்தாலும் பதில் வேறாக வரும்.

இந்தக் கணக்கு நிற்க இரண்டு விஷயம் உண்மையாக இருக்க வேண்டும். பழுது விகிதம் ஓரளவு நிலையாக இருக்க வேண்டும், காலையில் 0.2, மாலையில் 4 என்று ஆடுகிறது என்றால் சராசரி உங்களை ஏமாற்றும், அந்த ஆட்டம் அடங்கும்வரை எல்லாவற்றையும் பார்ப்பதுதான் பாதுகாப்பு. இரண்டாவது, பார்ப்பவர் அல்லது கருவி சரியாகப் பார்க்க வேண்டும். இதற்குக் கீழே ஒரு கேள்வி இருக்கிறது.

அப்புறம் ஒன்று. பிரேக், மின்காப்பு, உடலுக்குள் போகும் கருவி, அழுத்தக் கலன் மாதிரி மனித உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் இந்த வகுத்தலைப் போடவே போடாதீர்கள். அங்கே சட்டமும் தரநெறிகளும் சொல்வதுதான் குறைந்தபட்சம், அதற்கு மேல் வேண்டுமா என்பது மட்டும்தான் நீங்கள் யோசிக்க வேண்டியது.

கேள்வி: நாங்கள் எல்லாவற்றையும் பார்ப்பதும் இல்லை, விடுவதும் இல்லை. ஒவ்வொரு லாட்டிலிருந்தும் சில பீஸை எடுத்துப் பார்க்கிறோம். நடுவழி நல்லதுதானே?

பதில்: எதற்காக எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கெட்ட பீஸ்களை வடிகட்டுவதற்காக என்றால் அது நடக்காது. 1 சதவீதம் பழுதுள்ள லாட்டிலிருந்து 5 பீஸ் எடுத்தால் ஐந்தும் நல்லதாக இருக்க 95 சதவீத வாய்ப்பு. 50 பீஸ் எடுத்தாலும் ஒரு பழுதுகூடக் கண்ணில் படாமல் போக 60 சதவீத வாய்ப்பு இருக்கிறது. "சாம்பிள் பார்த்தோம், ஓகே" என்று சொல்லி அனுப்பும் லாட்டுக்குள் கெட்டது அப்படியே போய்க்கொண்டிருக்கும்.

செலவுகள் பீஸ் எண்ணிக்கைக்கு நேர்விகிதமாகக் கூடுகின்றன, பழுது விகிதமும் நிலையாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், வரிசையாக ஓடும் லைனில் ஒவ்வொரு இடத்திலும் மிகச் சிக்கனமான பதில் 'எல்லாம்' அல்லது 'எதுவும் இல்லை' என்றுதான் வரும், பாதி பார்ப்பது ஒருபோதும் இரண்டையும் முந்தாது. லிண்ட்சே, பிஷப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1964-லேயே இதைக் கணித ரீதியாகக் காட்டிவிட்டார்கள்.

அப்படியானால் சாம்பிள் எதற்கு? மெஷின் நகர்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள. டூல் தேய்கிறது, பீஸைப் பிடித்திருக்கும் ஃபிக்ஸ்ச்சர் தளர்கிறது, மூலப்பொருள் மாறுகிறது, இதையெல்லாம் சொல்வது அந்த நாலைந்து பீஸ். 1924-ல் தரக் கட்டுப்பாட்டின் முன்னோடி வால்டர் ஷூஹார்ட் கன்ட்ரோல் சார்ட் என்ற வரைபடத்தை வரைந்து கொடுத்ததே இதற்காகத்தான். அதற்கு பீஸின் அளவை எண்ணாகக் குறித்து வரிசையாகப் புள்ளி வைக்க வேண்டும், 'ஓகே', 'ஓகே' என்று டிக் அடித்தால் நகர்வு தெரியாது. லாட் முடிந்த பிறகு அள்ளி எடுப்பதைவிட, ஓடிக்கொண்டிருக்கும்போதே வரிசைப்படி எடுங்கள்.

கேள்வி: செக்கிங்கில் ரொம்பக் கவனமான இரண்டு பேரை அடுத்தடுத்து உட்கார வைத்திருக்கிறோம். அப்படியும் கஸ்டமரிடம் பழுது போகிறது. மூன்றாவது ஆள் போடலாமா?

பதில்: வேண்டாம். கண்ணால் பார்த்துப் பிரிக்கும் வேலையில், எல்லாப் பீஸையும் பார்த்தாலும் பழுதுகளில் சுமார் 80 சதவீதம்தான் பிடிபடும் என்று தரத்துறையில் நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. வேலைக்கு வேலை அது மாறும், ஆனால் 100 என்பது மனிதக் கண்ணுக்குக் கிடையாது, அது கவனக்குறைவும் இல்லை. ஆயிரக்கணக்கான நல்ல பீஸ்களுக்கு நடுவே எப்போதோ வரும் ஒன்றைத் தேடிக்கொண்டே இருப்பது மனம் தாங்கக்கூடிய வேலை இல்லை.

காகிதக் கணக்கில் இரண்டு பேர் 80, 80 பிடித்தால் 4 சதவீதம்தான் தப்பும். நடப்பில் அப்படி வராது. முதலாமவருக்குத் தெரியாத மங்கலான கீறல் அதே வெளிச்சத்தில், அதே கோணத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டாமவருக்கும் தெரியாது. அதோடு, பின்னால் ஒருவர் பார்ப்பார் என்று இவரும், முன்னால் ஒருவர் பார்த்துவிட்டார் என்று அவரும் கொஞ்சம் தளர்வார்கள். மூன்றாவது ஆள் வந்தால் அந்தத் தளர்வு இன்னும் பரவும்.

தப்பவிடுவது ஒரு பக்கம். நல்ல பீஸைத் தூக்கிப் போடுவதை யாரும் எண்ணுவதே இல்லை. மேலே போட்ட கணக்கையே எடுங்கள்: 1000 பீஸ், 3 சதவீதப் பழுது, பார்க்கும் செலவு 2, தவறவிட்டால் 150. பரிசோதனை 80 சதவீதம்தான் பிடிக்கிறது என்றால் 6 கெட்டது தப்பும், நஷ்டம் 900. நல்ல 970-ல் 5 சதவீதத்தைத் தவறாக ரிஜெக்ட் செய்கிறார்கள் என்றால் சுமார் 48 நல்ல பீஸ் குப்பைக்குப் போகும். பீஸ் ஒன்று 40 பெறும் என்றால் 1920. பார்க்கும் செலவு 2000. கூட்டினால் 4820. ஒன்றுமே பார்க்காமல் விட்டிருந்தால் 4500! பரிசோதனையை வைத்ததே நஷ்டமாகிவிட்டது.

ஆகவே ஆள் சேர்க்கும் முன் அளவிடுதலைச் சோதியுங்கள். நல்லது, கெட்டது, எல்லையில் இருப்பது என்று கலந்த 30, 40 பீஸை ரகசியமாக எண் போட்டு, இரண்டு பேருக்கும் வெவ்வேறு நேரத்தில் இரண்டு முறை கொடுங்கள். ஒருவர் தன்னோடே எவ்வளவு ஒத்துப்போகிறார், இருவரும் தங்களுக்குள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் குழப்பம் எல்லையில் இருக்கும் பீஸ்களில்தான் இருக்கும், அதற்கு மருந்து எதுவரை நல்லது, எதிலிருந்து கெட்டது என்று காட்டும் எல்லை மாதிரிகளைச் சட்டகத்தில் பொருத்தி மேசையில் வைப்பது, விளக்கின் கோணத்தை மாற்றுவது, முடிந்த இடத்தில் கண்ணுக்குப் பதிலாக கோ–நோகோ கேஜ் (ஒரு முனை நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது என்று அளவைச் சோதிக்கும் கருவி) கொடுப்பது. கேமரா வைக்கலாமா என்று கேட்பீர்கள். வைக்கலாம், அதையும் இதே 40 பீஸில் சோதித்துவிட்டு வையுங்கள். கேமரா களைப்படையாது, ஆனால் நல்லதைக் கெட்டது என்று கத்தும் பழக்கம் அதற்கும் உண்டு, நாள் முழுக்கக் கத்தினால் பக்கத்தில் இருப்பவர் பார்க்காமலே 'பாஸ்' அழுத்தப் பழகிவிடுவார்.

கேள்வி: உற்பத்திப் பிரிவுக்கும் க்யூ.சி.க்கும் (தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு) தினமும் சண்டை. செக்கிங் வைத்தால் லைன் மெதுவாகிறது என்கிறார்கள் அவர்கள்.

பதில்: லைனில் எந்த மெஷின் மிக மெதுவானது என்று முதலில் இருவரும் ஒத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மெஷின்தான் மொத்த லைனின் வேகம். அதற்கு முன்னால் ஏற்கெனவே கெட்ட பீஸ் அதற்குள் போனால், இழப்பது அந்தப் பீஸை மட்டும் இல்லை, லைன் முழுவதும் வெளியே தள்ளியிருக்கக்கூடிய ஒரு நல்ல பொருளை. மணிக்கு 30 பீஸ் செய்யும் மெஷினுக்கு வருவதில் பத்தில் ஒன்று ஏற்கெனவே கெட்டது என்றால், மணிக்கு 3 பீஸ் உற்பத்தி அப்படியே போகிறது. அதற்கு நேர் முன்னால் ஒரு பரிசோதனை வைத்தால் உற்பத்தி கூடும். இதை உற்பத்திப் பிரிவிடம் இந்த மொழியில் சொல்லிப் பாருங்கள், அவர்களே இடம் ஒதுக்கிக் கொடுப்பார்கள்.

அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பரிசோதனை மேசையே மெதுவான மெஷினைவிட மெதுவாக இருந்தால் இனி அதுதான் லைனின் வேகம். அதனால் மற்ற இடங்களில் சுருக்கமான, சில நொடிகளில் முடியும் சோதனையாக இருக்கட்டும். மெதுவான மெஷினுக்குப் பிறகு வரும் கட்டங்களில் பழுது வராமல் பார்த்துக்கொள்வதும் அதே அளவு முக்கியம், அங்கே கெடும் ஒவ்வொரு பீஸும் அந்த மெஷினின் நேரத்தை ஏற்கெனவே தின்றுவிட்டு வந்தது.

கேள்வி: பழுதைப் பிடித்துத் தனியாக வைக்கிறோம், ரீவொர்க்கும் செய்கிறோம். ஆனால் அதே பழுது திரும்பத் திரும்ப வருகிறதே?

பதில்: உங்கள் கேள்விதான் இந்த முறை வந்ததிலேயே முக்கியமானது என்று நினைக்கிறேன். பிரித்து வைப்பது பரிசோதனையின் பாதி வேலைதான். மீதிப் பாதி, செய்தியைப் பழுது பிறந்த இடத்துக்குத் திருப்பி அனுப்புவது, அதுவும் சூடு ஆறும் முன்னால்.

ஒரு மெஷின் 20 நொடிக்கு ஒரு பீஸ் போடுகிறது, அதாவது மணிக்கு 180. அதற்கும் பரிசோதனை மேசைக்கும் நடுவில் 600 பீஸ் காத்திருக்கிறது. லைன் அதே வேகத்தில் நகர்ந்தால், இப்போது கெட்டுப்போன பீஸ் மேசைக்கு வர 3 மணி 20 நிமிடம் ஆகும். அதற்குள் அதே பழுதோடு 600 பீஸ் வரிசையில் நிற்கும், ஷிஃப்டும் மாறியிருக்கலாம், டூலை யார் எப்போது மாற்றினார் என்று யாருக்கும் நினைவிருக்காது. ரிப்போர்ட்டில் 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று எழுதி மூடிவிடுவார்கள், பழுது மறுநாள் திரும்பி வரும். பரிசோதனை இடத்தை நகர்த்த முடியாவிட்டாலும் நடுவில் நிற்கும் குவியலைக் குறைத்தாலே செய்தி சீக்கிரம் போய்ச் சேரும். 600-ஐ 60 ஆக்கினால் 20 நிமிடம்.

இன்னும் நெருக்கமாகப் போக வேண்டுமென்றால் செய்பவரே பார்க்க வேண்டும், அல்லது அடுத்த கட்டத்தில் எடுப்பவர் எடுக்கும்போதே பார்க்க வேண்டும். செட்டிங் மாற்றியதும் முதல் பீஸ், ஓட்டம் முடியும்போது கடைசிப் பீஸ். முதலும் கடைசியும் நல்லது, நடுவில் டூல் மாற்றமோ நிறுத்தமோ இல்லை என்றால் இடைப்பட்டவை பற்றிப் பெரும்பாலும் நம்பிக்கை வைக்கலாம். தேய்மானம் மாதிரி மெல்ல நகரும் பழுதுக்கு இது நன்றாக வேலை செய்யும், திடீரென்று வந்து திடீரென்று போகும் பழுதுக்குச் செய்யாது, அதை மறக்க வேண்டாம்.

இதற்கும் ஒரு படி முன்னால் போனவர் ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ. 1961-ல் யமடா எலக்ட்ரிக் தொழிற்சாலையில் அவர் செய்தது மிக எளிய வேலை. சிறிய ஸ்விட்ச் ஒன்றில் இரண்டு பட்டன், ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு ஸ்பிரிங். தொழிலாளர்கள் எப்போதாவது ஒரு ஸ்பிரிங்கை வைக்க மறந்துவிடுவார்கள், அது வாடிக்கையாளரிடம் போய்த்தான் தெரியும். அவர் செய்தது: பொருத்தத் தொடங்கும் முன் இரண்டு ஸ்பிரிங்கை எடுத்து ஒரு சின்னத் தட்டில் வைக்க வேண்டும். பொருத்தி முடித்ததும் தட்டில் ஸ்பிரிங் மிச்சம் இருந்தால் மறந்தாயிற்று என்று அங்கேயே தெரிந்துவிடும். தனி இன்ஸ்பெக்டர் இல்லை, தனி மேசை இல்லை, ஒரு பீஸ்கூட அடுத்த கட்டத்துக்குத் தாண்டாது. உங்களிடம் திரும்பத் திரும்ப வரும் பழுது எதுவோ, அதற்கு இப்படி ஒரு தட்டு, ஒரு முனை, தவறாக வைத்தால் மாட்டாத ஒரு ஜிக் (பீஸைச் சரியான இடத்தில் பிடிக்கும் தாங்கி) முடியுமா என்று ஆபரேட்டரோடு உட்கார்ந்து யோசியுங்கள். அது அமைந்துவிட்டால் அந்தப் பழுதுக்காக வைத்த பரிசோதனையை எடுத்துவிடலாம்.

ரீவொர்க் செய்த பீஸ்களை எங்கே லைனில் திரும்பச் சேர்க்கிறீர்கள் என்றும் பாருங்கள். பரிசோதனைக்குப் பின்னால் சேர்த்தால் அவை யாரும் பார்க்காமலே போகின்றன; ஒரு முறை கெட்ட பீஸை மறுபடி பார்க்காமல் விடுவது எந்தக் கணக்கிலும் நியாயம் இல்லை.

கேள்வி: 20 கட்டங்கள் உள்ள லைன். சாஃப்ட்வேர் வாங்க வேண்டுமா?

பதில்: 20 இடத்தில் வைக்கலாம், வைக்காமல் விடலாம் என்று எல்லாச் சேர்க்கைகளையும் எண்ணினால் 10 லட்சத்துக்கும் மேல் வரும், பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு பரிசோதனை அதுவரை வந்த பழுதுகளை எல்லாம் பிடித்துவிடும் என்று எடுத்துக்கொண்டால், அதற்கு முன்னால் நடந்தது அதற்குப் பின்னால் உள்ள முடிவைப் பாதிக்காது. அப்போது அடுத்தடுத்த இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவிலுள்ள துண்டின் செலவு மட்டும் தெரிந்தால் போதும், அப்படிப்பட்ட துண்டுகள் 210-தான். கடைசியிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு இடத்துக்கும் மலிவான வழியைக் குறித்துக்கொண்டே வந்தால் சாதாரண எக்செல் தாளில் முடிந்துவிடும். கிளை பிரிந்து சேரும் லைன், அரைகுறையாகப் பிடிக்கும் பரிசோதனை என்றால் கணக்கு கனமாகும், அப்போது சாஃப்ட்வேர் உதவும். ஆனால் அதற்குள் போடும் பழுது விகிதங்கள் ஊகமாக இருந்தால் வெளியே வருவதும் ஊகம்தான். முதல் பணத்தை எண்களைச் சேகரிப்பதில் போடுங்கள்.

கேள்வி: வெல்டிங் உள்ளே சரியாகப் பிடித்திருக்கிறதா என்று உடைத்துப் பார்த்தால்தான் தெரியும். எல்லாவற்றையும் உடைக்க முடியுமா?

பதில்: முடியாது. பீஸைப் பார்க்க முடியாத இடத்தில் செயல்முறையைப் பாருங்கள். மின்னோட்டம், வேகம், வெப்பம், வாயு, வெல்டரின் தகுதி இவை எந்த வரம்புக்குள் இருந்தால் வெல்ட் நன்றாக வருகிறது என்று முன்கூட்டியே உடைத்துப் பார்த்து நிரூபித்துவிட்டு, அப்புறம் ஒவ்வொரு பீஸுக்கும் அந்த வரம்பைக் கண்காணிப்பது. தர மேலாண்மைக்கான சர்வதேச நெறியான ஐஎஸ்ஓ 9001-ம் பின்னால் சரிபார்க்க முடியாத வேலைகளுக்கு இப்படி முன்கூட்டியே செயல்முறையை நிரூபிக்கவும், அவ்வப்போது மறுபடி நிரூபிக்கவும் கேட்கிறது. எக்ஸ்ரே, அல்ட்ராசானிக் மாதிரி உடைக்காத சோதனைகளும் உண்டு, முக்கியமான இணைப்புகளுக்கு அவற்றையும் சேருங்கள்.

கேள்வி: ஒவ்வொரு முறை கம்ப்ளெய்ன்ட் வரும்போதும் ஒரு செக்கிங் சேர்த்துச் சேர்த்து இப்போது லைன் முழுக்கச் செக்கிங். எதை எடுப்பது என்று யாருக்கும் தைரியம் இல்லை. (தரப்பிரிவில் பணிபுரியும் ஒரு வாசகி)

பதில்: கம்ப்ளெய்ன்ட் வந்ததும் ஒரு செக்கிங் சேர்ப்பது கஸ்டமருக்குப் பதில் எழுதச் சுலபமான வழி, அதனால்தான் எல்லா இடத்திலும் இது நடக்கிறது. அந்தக் கம்ப்ளெய்ன்டின் காரணம் பிறகு சரியாகிவிட்டதா என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, செக்கிங் மட்டும் நிலைத்துவிடுகிறது.

எல்லாச் செக்கிங்கையும் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றும் எந்தப் பழுதைப் பிடிப்பதற்காக வந்தது என்று எதிரே எழுதுங்கள். எழுத முடியாத செக்கிங் ஒன்றிரண்டு கட்டாயம் இருக்கும், எதற்கு என்றே தெரியாமல் செய்துகொண்டிருப்பார்கள். அதற்குப் பக்கத்தில், கடந்த ஆறு மாதத்தில் அது உண்மையில் எத்தனை பிடித்தது என்று எழுதுங்கள். பூஜ்யம் என்று வந்தால் அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள், பூஜ்யத்துக்கு இரண்டு காரணம் இருக்கலாம்: பழுதே வரவில்லை, அல்லது வருகிறது, பிடிபடவில்லை. அடையாளம் போட்ட, கணக்கு வைத்த சில கெட்ட பீஸ்களை நீங்களே வரிசையில் கலந்துவிடுங்கள். அவை பிடிபட்டால் பரிசோதனைக்குக் கண் இருக்கிறது, பழுதுதான் வரவில்லை. பிடிபடாவிட்டால் அந்த மேசை இத்தனை நாளும் இருந்தும் இல்லாத மாதிரிதான். கலந்த பீஸ்கள் ஒவ்வொன்றும் திரும்பக் கைக்கு வந்ததா என்று எண்ணிவிட்டு லாட்டை விடுங்கள், இதில் தளர்வே கூடாது.

ஒரே பழுதை இரண்டு மூன்று இடத்தில் தேடுகிறார்கள் என்றால், மலிவாகவும் பழுது பிறக்கும் இடத்துக்கு அருகிலும் இருப்பதை வைத்துக்கொண்டு மற்றதை எடுக்கலாம். எடுக்கும்போது ஒரேயடியாக எடுக்காமல் ஒரு லைனில் அல்லது ஒரு பொருள் வகையில் மட்டும் எடுத்து, அடுத்த கட்டத்தில் அந்தப் பழுது கூடுகிறதா என்று வாரா வாரம் பாருங்கள். எந்த எண்ணைத் தாண்டினால் மறுபடி வைப்பது என்று எடுக்கும் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள், அப்போது எடுக்க ஒத்துக்கொள்பவருக்கும் பயம் குறையும். கஸ்டமர் ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட செக்கிங்கை அவர் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது, பாதுகாப்பு சம்பந்தப்பட்டவற்றை இந்தப் பட்டியலிலேயே சேர்க்க வேண்டாம். மற்றவற்றில், முதலில் எடுக்க எதிரே ஒன்றும் எழுத முடியாமல் போன அந்த ஒன்றிரண்டிலிருந்து தொடங்குங்கள். அங்கிருந்து விடுபடும் ஆட்களை, பழுது அதிகம் பிறக்கும் கட்டத்தில் ஆபரேட்டருக்குப் பக்கத்தில் போடுங்கள், வடிகட்டுவதற்கு இல்லை, காரணம் தேடுவதற்கு.